ஞானத்தை எடுத்த நாள்

இந்தக் கதையை நானே முப்பது வருடமாகச் சந்தேகப்பட்டு வருகிறேன் சார். அதனால் நீங்கள் நம்பியாக வேண்டும் என்று இல்லை. பேசவும் வேண்டாம். வாயில் பஞ்சு வைத்திருக்கிறார்கள், கன்னம் ஒரு பக்கம் எழும்பியிருக்கிறது, பார்த்தாலே தெரிகிறது. அரை மணி நேரம் இறுக்கிக் கடித்திருக்கச் சொல்லியிருப்பார்கள். கடியுங்கள். சரி என்று தோன்றினால் தலையை ஆட்டுங்கள். அதுகூட வேண்டாம், ஆட்டினால் தெறிக்கும்.

எனக்கு ஒன்றும் இல்லை. மகளைக் கூட்டி வந்திருக்கிறேன். ஷைனி என்று பெயர். இருபத்துமூன்று வயது, சென்னையில் வேலை, ஜனவரியில் நிச்சயதார்த்தம். போன மாதம் போனில் தன்னைத்தானே படம் எடுத்துப் பார்த்திருக்கிறாள். கீழ்வரிசையில் முன்பல் ஒன்று லேசாகத் திரும்பி நிற்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை. வரிசையில் நிற்கும் ஆள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பது போல ஒரு திரும்பல். உடனே எனக்கு போன் செய்தாள். "அப்பா, எனக்கும் ஞானப்பல் தள்ள ஆரம்பிச்சிட்டு. எடுத்துரணும்."

இங்கே வந்து காட்டினோம். உள்ளே இருக்கிற டாக்டரம்மா சின்ன வயசுதான், ஆனால் பொறுமையான பெண். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "ஞானப்பல்லுக்கும் முன்பல் திரும்பறதுக்கும் சம்பந்தம் இருக்கிறதா ஆராய்ச்சியில உறுதியாகலை. ஞானப்பல் இல்லாதவங்களுக்கும் வயசாக ஆக கீழ்ப்பல் நெருங்கத்தான் செய்யும். வலி இல்லை, சீழ் இல்லை, பக்கத்துப் பல்லும் சொத்தையாகலை. எதுக்கு எடுக்கணும்? எடுக்கணும்னா எலும்பை வேற கொஞ்சம் செதுக்கணும்" என்றாள்.

என் மகள் என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க அப்பா நாலையும் எடுத்தவங்க டாக்டர். அவங்களுக்குத் தெரியும்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அது போன வாரம். ஒரு வாரம் யோசித்து முடிவு சொல்லுங்கள் என்று அனுப்பினாள். இன்றைக்கு முடிவு சொல்ல வேண்டும். நான் சொல்லும் ஒரு வார்த்தையில் என் மகள் தாடையைச் செதுக்கப்போகிறார்கள் அல்லது விடப்போகிறார்கள். அந்த வார்த்தையோ, நானே நம்பாத ஒரு கதையிலிருந்து வர வேண்டியிருக்கிறது. என் நிலைமை புரிகிறதா? தலையை ஆட்டாதீர்கள்.

கதையைச் சொன்னவர் என் மாமா. அம்மாவின் அண்ணன். ஞானமுத்து. எல்லாருக்கும் ஞானம். இதே பாளையங்கோட்டையில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை, இடித்துவிட்டு மண்டபம் கட்டிவிட்டார்கள். டாக்டர் பல்லைப் பிடுங்குவார், மாமா தலையைப் பிடிப்பார். முப்பது வருடம் தலை பிடித்ததில் டாக்டரைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்பது அவர் எண்ணம். பல்லைப் பற்றிப் பேசும்போதும் சிரிக்கும்போதும் தோள்துண்டை எடுத்து வாயை மூடிக்கொள்வார். பல் ஆஸ்பத்திரிக்காரர், வலியோடு வந்தவர்கள் முன்னால் தன் பல்லைக் காட்டக்கூடாது என்று ஒரு மரியாதை. அப்படித்தான் நான் நினைத்தேன். நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. சர்வேயராக வேலை கிடைத்த புதிது. பல் என்றால் அப்படி ஒரு பல் சார். கல்லூரியில் என்னைப் 'பற்பொடி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் முகம் பார்க்கும்போது கீழ்வரிசை முன்பல் ஒன்று அடுத்ததன்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கடைவாயில் வேறு லேசாக நமைச்சல். மாமாவிடம் போனேன். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஏல மக்கா, ஞானம் முளைக்கி. அது கடைசியா வாற பய. எல்லாரும் உக்காந்த பிறகு வாரான். இடம் இல்ல. பின்னால நின்னு ஒரு தள்ளு தள்ளுதான். அவன் பக்கத்துல இருக்கவனத் தள்ள, அவன் அடுத்தவனத் தள்ள, முன்னால இருக்கவன் பாவம், போக்கிடம் இல்லாம குறுக்க சாயுதான்."

நான் உடனே நம்பிவிட்டேன். ஏன் நம்பினேன் என்று பிறகு எவ்வளவோ யோசித்திருக்கிறேன். என் தொழில்தான் காரணம். கடைசி வயல்காரன் வரப்பை ஒரு சாண் தள்ளுவான். அடுத்தவன் அதே ஒரு சாணைத் தனக்கு அடுத்தவன் பக்கம் தள்ளுவான். கடைசியில் ரோட்டோரத்து வயல்காரன் எல்லைக்கல்லைக் காணோம் என்று நம்மிடம் மனுக் கொடுப்பான். இதைத்தானே தினமும் சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தேன். மாமா என் வாய்க்குள் ஓர் ஆக்கிரமிப்பு நடக்கிறது என்றார். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"ஒங்களுக்கு ஞானம் எப்ப முளைச்சுது மாமா?" என்று கேட்டேன்.

"எனக்கா? எனக்கு நாலும் முளைக்கவே இல்ல. எக்ஸ்ரே எடுத்தே பாத்தாச்சு. வெறும் எலும்புதான்." அதில் அவருக்கு ஒரு பெருமை. "அதனாலதாம்ல எனக்கு இதுல எந்தப் பக்கமும் சாய்வு கிடையாது."

இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். ஞானப்பல் என்று முழுதாகச் சொல்ல மாட்டார்கள். 'கீழ் வலது ஞானம்', 'மேல் இடது ஞானம்' என்றுதான். எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. எடுப்பதற்கு முந்தின நாள், அம்மா கவலைப்படுவாளே என்று ஊருக்கு போன் செய்தேன். நாசரேத்துக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமம். ஊருக்கே ஒரு போன், ஆபிரகாம் கடையில். எடுத்தவர் ஆபிரகாம் அண்ணாச்சி. லைனில் இரைச்சல். நான் சத்தமாக, தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"அம்மாட்ட சொல்லிருங்க அண்ணாச்சி. ஞானத்த நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்காங்க. ஆஸ்பத்திரியிலதான். பயப்பட வேண்டாம்."

அந்தப்பக்கம் கடை ரேடியோவை நிறுத்துவது கேட்டது. பிறகு அண்ணாச்சி, "வேற யாருக்கும் சொல்லணுமாடே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீங்களே எல்லாருக்கும் சொல்லிருங்க" என்றேன். எனக்கு எவ்வளவு பேர் கவலைப்படுகிறார்கள் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஊர்களில் 'எத்தனை மணிக்கு எடுக்காங்க' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல் என்று ஓர் எழுத்து, சரி, இரண்டு எழுத்து, அதைச் சேர்த்திருந்தால் போதும். சேர்க்கவில்லை. கெட்டிக்காரத்தனம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாமா என் தலையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். டாக்டர் கீழ் வலது ஞானத்தோடு மல்லுக்கட்டுகிறார். அதே நேரத்தில் இரண்டு வேன் நிறைய சொந்தக்காரர்கள் மாமா வீட்டு வாசலில் இறங்குகிறார்கள். வீட்டில் தங்கப்பூ அத்தை மட்டும்தான். மாமாவின் மனைவி. முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தவள். என் அம்மா ஓடி வந்து அத்தையைக் கட்டிக்கொண்டு, "மைனி, எங்க அண்ணன் போயிட்டாவளே" என்று ஓலம் போட்டிருக்கிறாள்.

அத்தை என்ன செய்தாள்? அவளும் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது வருகிறவளோடு முதலில் அழ வேண்டும், யார் எவர் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். அதுதானே முறை. அம்மாவுக்கு மூன்று அண்ணன்கள். தன் புருஷன் காலையில் ஆறு இட்லி தின்றுவிட்டு வேலைக்குப் போனவர், எனவே மற்ற இருவரில் ஒருவர் என்று அத்தை கணக்குப் போட்டிருக்கிறாள். கால் மணி நேரம் அழுத பிறகு, மூக்கைச் சிந்திவிட்டு, "எந்த அண்ணன் மைனி?" என்று கேட்டாளாம்.

அவள் அப்படிக் கேட்டதும், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லாரும் இன்னும் சத்தமாக அழுதிருக்கிறார்கள்.

இந்த நேரத்தில்தான் நானும் மாமாவும் ஆட்டோவில் வந்து இறங்குகிறோம். என் வாயில் பஞ்சு, கன்னத்தைச் சுற்றி வேட்டிக் கிழிசலால் ஒரு கட்டு. மாமா என்னைத் தன் வீட்டில் படுக்கவைக்கக் கூட்டி வந்தார். வாசலில் கூட்டம். மலர் வளையம். ஊர் உபதேசியார் தவமணி ஐயா வெள்ளை அங்கியோடு, கையில் இரங்கல் உரை எழுதிய தாளோடு நிற்கிறார். ஆட்டோ நிற்கும் முன்பே மாமா குதித்து இறங்கினார். வீட்டில் இருந்தது அத்தை ஒருத்திதானே.

"தங்கப்பூ" என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள். அந்த மனிதருக்கு அவ்வளவு அன்பு உண்டு என்று அதுவரை அத்தைக்கே தெரியாது.

செத்தவர் ஆட்டோவில் வந்து இறங்கி, உயிரோடு இருப்பவளுக்காக அழுகிறார். உயிரோடு இருப்பவள் உள்ளேயிருந்து வந்து, "இன்னா இருக்கேன், என்னத்துக்குக் கெடந்து கத்துதிய?" என்கிறாள். யாருக்கும் எதுவும் புரியவில்லை. புரிந்த ஒரே ஆள் நான். அம்மா என்னைப் பார்த்த நொடியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போனில் சொன்னது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது.

நான் சொல்லவில்லை. மாமா ஆட்டோவில் வரும்போது, "அரை மணி நேரம் வாயத் தொறந்த, ரத்தம் நிக்காது பாத்துக்க" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. பத்து நிமிடம் பொறுப்போம், எப்படியும் எல்லாரும் இங்கேதானே இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அது மருத்துவக் கட்டுப்பாடா, இல்லை பயமா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

கடைசியில் அம்மா ஆபிரகாம் அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்தாள். அண்ணாச்சி என்னைக் காட்டி, "இந்தப் பயதான் சொன்னான், ஞானத்த எடுக்காங்கன்னு" என்றார். நூறு கண் என்மேல் திரும்பியது. நான் சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, வேரோடு இருந்த பல்லை உயர்த்திக் காட்டினேன்.

"ஞ்ஞா" என்றேன். அதற்குமேல் பஞ்சு விடவில்லை.

முதலில் சிரித்தவர் மாமாதான். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு நாற்காலி போடச் சொல்லி முற்றத்து நடுவில் உட்கார்ந்தார். உபதேசியாரைக் கூப்பிட்டு, "எழுதிட்டு வந்ததை வாசியும் வே, வீணாப் போக வேண்டாம்" என்றார். அவர் தயங்கித் தயங்கி வாசித்தார். 'கோபம் அறியாத குணம்' என்று வந்த இடத்தில் அத்தை மிளகாயை அள்ளப் போய்விட்டாள். வாசித்து முடிந்ததும் மாமா ஒரு சுற்றுப் பார்த்தார். "எங்கலே அந்த ரெண்டாவது சம்பந்தி? வரலியா? வேன்ல இடம் இருந்துச்சுல்லா?" என்றார். அந்தச் சம்பந்தியோடு அவர் இன்றுவரை பேசுவதில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். இதெல்லாம் கதை இல்லை. என் பல்தான் கதை.

கீழ் வலது ஞானம் போய்விட்டது. ஆக்கிரமித்தவன் அப்புறப்படுத்தப்பட்டான். இனி முன்பல் அசையக்கூடாது. நான் அளக்கிற ஆள். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ஒரு மெழுகுவர்த்தியை வெந்நீரில் இளக்கிக் கடித்து, தேதி ஒட்டி, பிஸ்கட் டப்பாவில் வைத்தேன். என் மனைவி வயலட் கல்யாணம் ஆகி வந்த புதிதில் அந்த டப்பாவைத் திறந்துவிட்டு இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. இப்போது முப்பத்திரண்டு துண்டு இருக்கிறது. வாயில் இருபத்தெட்டு பல், டப்பாவில் முப்பத்திரண்டு கடி.

அடுத்த பிறந்தநாளில் பார்த்தால் பல் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மாமாவிடம் கொண்டுபோனேன். "பிரேக் போட்ட பிறகும் பஸ்ல ஆளுக முன்னால சாயலியாலே? அந்த வேகம்தான்" என்றார். அதற்கு அடுத்த வருடமும் சாய்ந்தது. "இடது ஞானம் இருக்குல்லா? அவன் தள்ளுதான்." அதையும் எடுத்தோம். பிறகும் சாய்ந்தது. "மேல ரெண்டு பேரு இருக்கானுவள்லா, சும்மா இருப்பானுவளா?" மேல்பல் கீழ்ப்பல்லை எப்படி மாமா தள்ளும் என்று கேட்க எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. எடுத்துவிட்டேன். ஆறு வருடத்தில் நாலும் போயின. ஒவ்வொரு தடவையும் ஊருக்கு போன் செய்யக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

நாலும் போன பிறகும் முன்பல் தன்பாட்டுக்குச் சாய்ந்துகொண்டே இருந்தது. தள்ளுகிறவன் இல்லை, தள்ளு மட்டும் நிற்கவில்லை. ஐந்தாவதாக எடுக்க ஞானம் இல்லாததால் மாமா கொஞ்சம் யோசித்தார். "ஆள் போயிட்டாலும் பயம் போகலை மக்கா. மத்த பல்லெல்லாம் இன்னும் ஒதுங்கிக்கிட்டே இருக்கு" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் பிறந்தது. முப்பது வருடச் சந்தேகம் என்று முதலில் சொன்னேனே, சரியாகச் சொன்னால் இருபத்தாறு. அதற்கு முந்தின நாலு, சந்தேகப்பட்டிருக்க வேண்டிய வருடங்கள்.

பிறகு ஏன் மகளிடம் அதையே சொன்னேன்? அதுதான் என்னைத் தின்கிறது. அவளுக்கு ஆறு வயது. என் மடியில் உட்கார்ந்து, "அப்பா, ஒங்க பல்லுக்கு ஏன் இடம் பத்தல?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்பாவாகி ஆறே வருடம், அதற்குள் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. பின்னால் வந்தவன், பக்கத்தில் இருந்தவன், முன்னால் நின்ற பாவம் என்று ஒவ்வொருவருக்கும் குரல் மாற்றிப் பேசி நடித்தேன். அவள் அப்படிச் சிரித்தாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டாள். எல்லைக்கல்லைப் பார்க்காமல் ஒரு நாள்கூட நான் பட்டாவில் கையெழுத்துப் போட்டதில்லை சார். இதில் நூறு தடவை போட்டிருக்கிறேன்.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், மாமா வீட்டுக்குப் போனேன். பிஸ்கட் டப்பாவோடு. எண்பத்துநாலு வயது. அத்தை போய் மூன்று வருடம் ஆகிறது. அந்தத் தடவை எல்லாரும் இரண்டு முறை விசாரித்துவிட்டுத்தான் வந்தார்கள். கேட்க வேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். 'நீங்கள் சொன்னது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? டாக்டர் சொன்னாரா, நீங்களாகச் சொன்னீர்களா?' இரண்டே கேள்வி.

ஒரு நிமிடம் சார். கூப்பிடுகிறார்கள். இதோ வர்றேம்மா, ஷைனியோட அப்பாதான், ஒரே நிமிஷம்.

வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். ஏன் என்று மகள் கேட்பாள். அவளிடம் சொல்வதற்கு முன்னால் வேறு யாரிடமாவது ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. நீங்கள் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாமா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். அதை விட்டால் விழுந்துவிடுவார். இரண்டு கையும் அதில் இருக்கும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மாமா, ஒங்களை அடக்கம் பண்ண வேன் பிடிச்சு வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றேன். அவ்வளவுதான். உபதேசியார் வாசித்தது, அத்தை மிளகாய் அள்ளப் போனது, நான் பல்லைத் தூக்கிக் காட்டியது எல்லாம் அவருக்கு ஒன்றாக ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தார். தோளில் துண்டு இருக்கிறது. எடுக்கக் கை இல்லை. அந்த வலது கை ஒரு தடவை வாக்கரிலிருந்து எழும்பியது, ஆடியது, பயந்து திரும்ப உட்கார்ந்துகொண்டது. அவரால் வாயை மூட முடியவில்லை, சிரிப்பையும் நிறுத்த முடியவில்லை.

என் ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக மாமாவின் கீழ்வரிசையைப் பார்த்தேன்.

நாலு முன்பல்லும் அப்படியே இருந்தன. ஒன்று திரும்பி நிற்கிறது. ஒன்று அடுத்ததன்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. டப்பாவில் இருக்கும் என் கடைசி மெழுகுத் துண்டை எடுத்து அவர் வாயில் வைத்தால் அச்சு மாறாமல் பொருந்தும். ஷைனியின் பல் போகப்போகிற வழியும் அதுதான். அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்ததோ என்று யோசித்தேன். அம்மாவும் முந்தானையால் வாயை மூடித்தான் சிரிப்பாள்.

துண்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு மரியாதையாகத்தான் கேட்டேன்.

"மாமா, ஒங்களுக்குத்தான் ஞானமே முளைக்கலையே. அப்போ ஒங்க பல்லை யாரு தள்ளினா?"